போக்கிடம் இல்லாத தவளை

2019-ன் நடுவில் ஒரு நாள் மதியம். வார்னிஷ் ஊற்றிய மூன்று மோனோபிளாக் பம்ப் மோட்டார் ஸ்டேட்டர்களை (செப்புக் கம்பி சுற்றுகிற சுழலாத பகுதி) ஓவனில் வைத்துவிட்டு, அவை காய்கிற வரைக்கும் கடை வாசலில் உட்கார்ந்து போனைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சிலி நாட்டின் வடக்கில், கலாமா என்ற ஊரையொட்டி, வற்றிப்போன ஓர் ஓடையில் 14 தவளைகளைப் பிடித்து விமானத்தில் தலைநகர் சாண்டியாகோவுக்குக் கொண்டுபோனார்கள் என்று ஒரு செய்தி கண்ணில் பட்டது. உலகத்தில் அந்தத் தவளைக்கு இருந்த ஒரே வீடு அந்த ஓடைதான், அதில் மிஞ்சியது அந்த 14தான் என்று எழுதியிருந்தார்கள். தவளைகள் மேல் எனக்கு அதுவரை தனி அக்கறை கிடையாது. ஊர்ப் பெயர்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

கலாமா எனக்குக் காதில் விழுந்து பழகின பெயர். எங்களுக்கு மோட்டார் வைண்டிங் தொழில். கோயம்புத்தூரில் அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. செப்புக் கம்பி விலை ஏறினால் எங்களுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. உலகத்தில் தோண்டி எடுக்கிற செம்பில் ஏறக்குறைய கால் பங்கு சிலியிலிருந்து வருகிறது. நம் நாட்டு உருக்காலைகள் வெளியிலிருந்து வாங்கும் செம்புத் தாதுவிலும் சிலிக்குப் பெரிய இடம் உண்டு. அங்கே சுரங்கத்தில் ஸ்டிரைக் என்றால் இங்கே கம்பிக் கடைக்காரர் போனை எடுக்கும்போதே குரல் மாறியிருக்கும். அந்த ஜூனில்தான் சுக்கிகமாட்டா சுரங்கத்தில் இரண்டு வாரம் வேலைநிறுத்தம் நடந்து முடிந்திருந்தது. சுக்கிகமாட்டா இருப்பது கலாமாவுக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில். அதனால் அந்த வாரங்களில் கலாமா என்ற பெயரைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் விலைக்காக. அந்த ஊரில் ஒரு தவளை இருந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், அதுவும் கடைசி 14 ஆன பிறகு.

ஓவனை அணைக்க மறந்து படித்துக்கொண்டிருந்தேன். கடையில் வேலை பார்க்கிற பையன் வந்து, "அண்ணா, நேரமாச்சுங்ணா" என்று சொன்ன பிறகுதான் எழுந்தேன். அன்றிலிருந்து இந்தத் தவளையைப் பற்றிக் கிடைக்கிறதை எல்லாம் தேடிப் படித்து வருகிறேன். இந்தப் பதிவு அதிலிருந்து வந்தது.

முதலில் அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இடம் புரியாமல் தவளை புரியாது.

கலாமா இருக்கிற அட்டகாமா பாலைவனம் நாம் படங்களில் பார்க்கிற மணல்மேட்டுப் பாலைவனம் கிடையாது. கல்லும் உப்பும் எரிமலைச் சாம்பலும் கலந்த நிலம். கிழக்கே ஆண்டீஸ் மலை மழைமேகத்தை மறித்து நிற்கிறது. மேற்கே பசிபிக் கரையோரம் ஓடும் ஹம்போல்ட் குளிர்நீரோட்டம் கடல்காற்றை மேலே எழும்ப விடாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட இந்த நிலம்தான், துருவப் பகுதிகளை விட்டுப் பார்த்தால், உலகிலேயே மிகவும் வறண்டது. கலாமா ஊட்டியை விடக் கொஞ்சம் உயரத்தில், சுமார் 2,260 மீட்டரில் இருக்கிறது. வருடம் முழுக்கப் பெய்ததைச் சேர்த்தாலும் மழைமானியில் சில மில்லிமீட்டர்தான் தேறும்.

அந்த ஊரில் ஒரு ஆறு ஓடுகிறது. லோவா. சிலியின் மிக நீளமான ஆறு இதுதான், சுமார் 440 கிலோமீட்டர். மீன்யோ எரிமலையின் அடியில் பிறந்து தெற்கே இறங்கி, சியூ சியூ கிராமத்துப் பக்கம் மேற்கே திரும்பி, கலாமாவைத் தொட்டு, பிறகு வந்த திசைக்கே போவதுபோல் வடக்கே ஏறி, கியாகுவா என்ற பாலைவனச் சோலையில் மறுபடி மேற்கே திரும்பிக் கடலில் விழுகிறது. வரைபடத்தில் பார்த்தால் யாரோ 'ப' எழுத்தை எழுதி, வாலை மட்டும் கடல்வரை இழுத்துவிட்டதுபோல் இருக்கும். ஆற்று நீரே உப்பு. எல் தாத்தியோ வெந்நீர் ஊற்றுப் பக்கமிருந்து வரும் சலாதோ என்ற துணையாறு ஆர்செனிக்கையும் கொண்டுவந்து கலக்கிறது. இந்தத் தண்ணீரை வைத்துத்தான் அங்கே ஆயிரக்கணக்கான வருடங்களாக மனிதர்கள் சோளம் விளைத்திருக்கிறார்கள், யாமா (லாமா என்று நாம் சொல்கிற ஒட்டகக் குடும்பத்து விலங்கு) மேய்த்திருக்கிறார்கள். லிக்கன் அன்டாய் மக்கள் என்று அவர்களுக்குப் பெயர்; அட்டகாமெனோ என்றும் சொல்வார்கள்.

ஆண்டீஸ் உச்சியில் ஜனவரி, பிப்ரவரியில் பெய்கிற மழையும் பனியும் மண்ணுக்குள் இறங்கி, பாறைக்கு அடியில் வெகுகாலம் நடந்து, எங்கோ ஒரு பள்ளத்தில் மேலே வரும். அப்படி வருகிற இடத்தை அங்கே 'ஓஹோ தெ ஆகுவா' என்கிறார்கள். தண்ணீரின் கண் என்று பொருள். நாம் ஊற்றுக்கண் என்று சொல்வதைப் போலவேதான். இந்த ஒரு வார்த்தையைப் பார்த்ததும் ஏனோ அந்த ஊர் எனக்கு நெருங்கிவிட்டது. மண்ணில் தண்ணீர் மெல்லக் குமிழியிடுவதைக் குனிந்து பார்த்த எவருக்கும் அது கண் என்றுதான் தோன்றும்போல.

கண்ணைச் சுற்றிக் கொஞ்சம் கோரை, கொஞ்சம் பாசி, நத்தைகள், நீர்ப்பூச்சிகள். இன்னும் உயரமான மலைப்பகுதியில் இந்த ஈரநிலங்கள் மெத்தை போட்டதுபோல் கெட்டியான பசுமையாக இருக்கும், 'போஃபெதால்' என்பார்கள். நூறு அடி தள்ளிப் போனால் வெறும் பொட்டல். அந்தப் பச்சைப் புள்ளிக்குள்ளேதான் நம் தவளை.

கலாமாவின் ஓரத்தில் லாஸ் காஸ்காதாஸ் என்ற இடத்தில் இருந்த தவளைக்கு 1999-ல்தான் அறிவியல் பெயர் வைத்தார்கள். சிலியின் ஆய்வாளர் ரமோன் ஃபோர்மாஸும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரையில் அது டெல்மடோபியஸ் டான்கோய் ஆனது. டெல்மடோபியஸ் என்றால் கிரேக்க வேரில் 'சதுப்பில் வாழ்வது'. டான்கோய் என்பது சிலியின் மரபியல் அறிஞர் டான்கோ பிர்ன்சிச் நினைவாக வைத்தது. பழ ஈக்களை வைத்துப் பரிணாமத்தை ஆராய்ந்தவர் அவர், தவளைக்குப் பெயர் வருவதற்கு முந்தைய வருடம் இறந்துபோனார். சாதாரணமாக லோவா நீர்த்தவளை என்று சொல்வார்கள். உள்ளங்கையில் வைத்தால் பாதி இடம்கூட அடைக்காது; உடம்பு 5 சென்டிமீட்டர் அளவு. சேற்றின் நிறம், மேலே கரும்புள்ளிகள். பின்கால் விரல்களுக்கு நடுவே நல்ல அகலமான சவ்வு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கண் மட்டும் தனியாகத் தெரியும், மேலே பார்த்தபடி. தண்ணீருக்குள் கிடந்து மேலே பார்க்கிற பிராணிக்குக் கண் அங்கேதான் இருந்தாக வேண்டும்.

ஏனென்றால் இது தண்ணீரை விட்டு வெளியே வருகிற தவளை கிடையாது. நம் ஊர்த் தவளை மழைக்கு வயலில் கத்தும், வெயிலில் பொந்துக்குள் போகும், படியேறி வீட்டுக்குள் வரும். தேரை இன்னும் தைரியசாலி. டெல்மடோபியஸ் குடும்பத்துத் தவளைகள் அநேகமாக முட்டையிலிருந்து சாவு வரைக்கும் நீருக்குள்தான். அவற்றில் பல கூப்பிடுவதுகூட நீருக்கு அடியில்தான். கரையில் நிற்பவர் காதுக்கு எட்டாது. மூச்சில் பெரும்பகுதி தோல் வழியாக நடக்கிறது. தோல் ஈரமாக இருக்க வேண்டும், சுற்றிலும் தண்ணீர் இருக்க வேண்டும்.

இதில் உச்சம் டிட்டிகாக்கா ஏரியின் தவளை. பெருவும் பொலிவியாவும் பங்கு போட்டுக்கொள்கிற அந்த ஏரி 3,812 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்த இடம். அங்கே உள்ள தவளைக்கு நுரையீரல் சிறுத்துவிட்டது. தோல் இரண்டு அளவு பெரிய சட்டையைப் போட்டதுபோல் தொங்கித் தொங்கி மடிப்பாக இருக்கும். மடிப்பு கூடக்கூடத் தண்ணீரைத் தொடும் பரப்பு கூடும். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் கால்களை ஊன்றி, தண்டால் எடுப்பதுபோல் மேலும் கீழும் ஆடும்; அந்த ஆட்டத்தில் மடிப்புகள் அசைந்து புதுத் தண்ணீர் தோலில் படும். இரத்தத்தில் சிவப்பணுக்கள் மிகச் சிறியவை, எண்ணிக்கையில் மிக அதிகம். பிரெஞ்சுக் கடலாய்வாளர் ஜாக் கூஸ்டோ 1960-களின் கடைசியில் அந்த ஏரிக்குள் இறங்கியபோது கால்நீட்டினால் அரை மீட்டர் வரும் தவளைகளைப் பார்த்ததாகச் சொன்னார். 2016-ல் அதே ஏரியில் சேரும் கோவாத்தா ஆற்றில் சுமார் 10,000 தவளைகள் செத்து மிதந்தன. சாக்கடையைத்தான் எல்லோரும் காரணம் சொன்னார்கள். ஏரியைச் சுற்றி வாழும் ஐமாரா மக்கள் மழை வேண்டுமென்றால் தவளைகளைப் பானையில் வைத்து மலையுச்சிக்குத் தூக்கிப்போவார்களாம். தண்ணீரைப் பிரிந்த தவளை அழும், அந்த அழுகைக்கு மழை இறங்கும். மழைக்காகத் தவளைக்குக் கல்யாணம் செய்துவைக்கிற நம் நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லோவா தவளைக்கு இப்படிப்பட்ட புகழ் எதுவும் கிடையாது. பிரமாதமான மடிப்பும் கிடையாது. அதனிடம் இருந்தது ஓர் ஓடை.

ஒரே ஓடையில் ஒரு தவளை எப்படி வந்து சேர்ந்தது என்று யோசித்துப் பார்த்தேன். படித்ததில் கிடைத்த பதில் இது. பனியுகத்தின் முடிவில் ஆண்டீஸ் மலைமேல் இருக்கும் உயர்சமவெளி முழுக்க மகா ஏரிகள் இருந்தன. இப்போது பொலிவியாவில் உயுனி உப்பளம் என்று வெள்ளையாகத் தெரிகிற 10,000 சதுர கிலோமீட்டரும் அப்போது தண்ணீர். பருவம் மாறி ஏரிகள் சுருங்கச் சுருங்க, தண்ணீரில் இருந்த உயிர்கள் அங்கங்கே மிஞ்சிய ஊற்றுகளில் ஒதுங்கின. ஓர் ஊற்றுக்கும் அடுத்த ஊற்றுக்கும் நடுவே பாலைவனம். தவளையால் கடக்க முடியாது. அப்படியே ஊற்றுக்கு ஒரு குடும்பமாகத் தனித்தனியே நின்றுபோயின. ஆண்டீஸ் நெடுக டெல்மடோபியஸ் இனங்கள் 60-க்கு மேல் இருக்கின்றன. பல இனங்களுக்கு விலாசம் ஒரே ஒரு ஓடை.

கிணற்றுத் தவளை என்று நாம் திட்டுவோம். வெளியுலகம் தெரியாதவன், தன் கிணறுதான் உலகம் என்று நினைப்பவன் என்று. எங்கள் அப்பாவை உறவுக்காரர் ஒருவர் அப்படித்தான் சொல்வார், கடையை விட்டு வேறெங்கும் போகாமல் 40 வருடம் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் என்பதற்காக. லோவா தவளையைப் பற்றிப் படித்த பிறகு அந்த வார்த்தையை நான் திட்டுவதற்குப் பயன்படுத்துவதில்லை. சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உப்புப் பொட்டல் இருக்கும்போது, தன் ஊற்றின் ருசியும் உப்பும் குளிரும் தெரிந்து, அதற்குத் தக்கபடி தோலையும் இரத்தத்தையும் அமைத்துக்கொண்டு ஆயிரமாயிரம் வருடம் பிழைத்திருப்பது அறியாமையா? அந்தக் கிணற்றைப் பற்றி அதற்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

அதே உயர்சமவெளி உப்பேரிகளில் ஃபிளமிங்கோ பறவைகள் இருக்கின்றன, மூன்று இனம். ஓர் ஏரி வற்றினால் அடுத்ததற்குப் பறந்துவிடும். குளம் வற்றினால் பறவை போய்விடும், கொட்டியும் ஆம்பலும் கிடந்து காயும் என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். உறவைப் பற்றிச் சொன்ன பாடம் அது. நான் இப்போது அதை உயிரியல் பாடமாகவே படிக்கிறேன். போக்கிடம் உள்ளவை, இல்லாதவை என்று இரண்டு வகை.

இப்போது மனிதர்கள் கதைக்கு வருகிறேன். இந்தத் தவளைகளும் செம்புச் சுரங்கமும் முதலில் சந்தித்தது 1935-ல். உயரமான இடத்தில் மனித உடம்பு எப்படி மூச்சு விடுகிறது என்று பார்க்க அமெரிக்க, ஐரோப்பிய விஞ்ஞானிகள் குழு ஒன்று சிலிக்கு வந்தது. பிற்காலத்தில் உணவையும் இதய நோயையும் பற்றிப் பேசிப் பெயர் பெற்ற ஆன்செல் கீஸ் அதில் இருந்தார். முதல் முகாம் சுக்கிகமாட்டா. பிறகு படிப்படியாக மேலே ஏறி, அவுகன்கில்சா எரிமலையில் கந்தகம் தோண்டுகிற தொழிலாளர்கள் வரை போனார்கள். 5,300 மீட்டர் உயரத்தில் வீடு. வேலைக்கு அதற்கும் மேலே தினமும் ஏறிப் போவார்கள். அவர்கள் இரத்தத்தை எடுத்துப் பரிசோதித்தார்கள். அந்தக் குழுவில் இருந்த ஃபிராங்க் கிரிகரி ஹால் என்ற உடலியலாளர் ஒரு வெந்நீர் ஊற்றில் சில தவளைகளையும் பிடித்தார். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆய்வாளர் நோபிள் 1938-ல் அதற்கு டெல்மடோபியஸ் ஹல்லி என்று பெயர் சூட்டினார்.

பிடித்த இடத்தைப் பற்றி எழுதிவைத்தது ஒரே வரி: ஒயாகுவே (பொலிவியா எல்லையோர ஊர்) அருகே ஒரு வெந்நீர் ஊற்று. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் தேடினார்கள், கிடைக்கவில்லை. 2020-ல் மறுபடி கண்டுபிடித்ததாக அறிவிப்பு வந்தது. அதன் பிறகு வந்த ஆய்வுகளில் ஹால் பிடித்ததும் லோவா தவளையும் சான் பெத்ரோ என்ற ஊருக்குப் பக்கத்து விலாமா தவளையும் ஒரே இனம்தான் என்ற கருத்தும் எழுந்தது. பெயர் ஒன்றா மூன்றா என்பதை ஆய்வாளர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். லாஸ் காஸ்காதாஸ் ஓடையில் இருந்த குடும்பம் அந்த ஓடைக்கு மட்டும் உரியது என்பதில் மாற்றம் வராது.

சுக்கிகமாட்டா குழியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நீளம் 4 கிலோமீட்டருக்கு மேல், ஆழம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அதன் விளிம்பில் நிற்கிற லாரியின் டயர் ஒரு மனிதனை விட உயரம், குழியின் அடியில் அதே லாரி எறும்பு. 1915-லிருந்து பெரிய அளவில் தோண்டுகிறார்கள். தாதுவைப் பொடியாக்கி நுரைக்க வைத்துச் செம்பைப் பிரிப்பதற்குத் தண்ணீர் வேண்டும். தூசி அடக்கத் தண்ணீர் வேண்டும். பாலைவனத்தில் அந்தத் தண்ணீர் லோவாவின் மேல்பகுதி ஊற்றுகளிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் குழாயில் போனது.

1981-ல் வந்த சிலியின் தண்ணீர்ச் சட்டம் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. தண்ணீரை நிலத்திலிருந்து பிரித்து, அதற்குத் தனிப் பட்டா போட்டது அந்தச் சட்டம். நிலம் உன்னிடம் இருக்கும், அதில் ஓடும் தண்ணீர் இன்னொருவனுடையதாக இருக்கும். தண்ணீர் உரிமையை வாங்கலாம், விற்கலாம், குழாய் போட்டு வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம். லோவா ஓரத்துக் கிராமங்களில் எத்தனையோ விவசாயிகளின் தண்ணீர் அப்படிச் சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் போய்ச் சேர்ந்தது. 2000-ல் அரசே லோவா ஆறு தீர்ந்துபோன ஆறு, இனிமேல் இதில் கொடுக்க உரிமை எதுவும் மிச்சமில்லை என்று அறிவித்தது. தவளைக்குப் பெயர் வைத்த மறுவருடம் அது. 2022-ல் சட்டத்தைத் திருத்தி, குடிநீருக்கு முதலிடம் என்றும் இயற்கைக்கும் பங்கு உண்டு என்றும் எழுதினார்கள். நல்ல திருத்தம். 40 வருடம் பிந்தியது.

தண்ணீரை எங்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்று நினைத்து எழுதிய சட்டம் அது. நகரத் தெரியாத உயிர்கள் அந்தத் தண்ணீரில் இருக்கின்றன என்பது எழுதியவர்கள் கணக்கில் இல்லவே இல்லை. எனக்கு இதில் கோபம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

மனிதர்களையும் நகர்த்தியிருக்கிறார்கள். சுக்கிகமாட்டா என்பது சுரங்கத்தின் பெயர் மட்டுமில்லை, ஒரு முழு ஊரின் பெயர். பள்ளிக்கூடம், தியேட்டர், ஆஸ்பத்திரி எல்லாம் இருந்தது. காற்று கெட்டுப்போனது, கழிவுப் பாறைகளைக் கொட்ட இடமும் வேண்டியிருந்தது. 2007-க்குள் குடும்பங்களைக் கலாமாவுக்கு மாற்றினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டடம் கற்குவியலுக்கு அடியில் போய்விட்டது. பிறந்த வீட்டைக் கற்களுக்குள் விட்டு வந்தவர்களின் வலி பெரிது. ஆனாலும் அவர்களுக்கு லாரி வந்தது, கலாமாவில் வீடு இருந்தது.

தவளைக்கு லாரி வந்தது 2019-ல். ஆய்வாளர்கள் லாஸ் காஸ்காதாஸுக்குப் போனபோது ஓடை இல்லை. ஓடையின் தடம் இருந்தது. தரை வெடித்துக் கிடந்தது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் சேறு கலந்த தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்தது. அதற்குள் 14 தவளைகள், இரை இல்லாமல் மெலிந்து. சட்டவிரோதமாகத் தண்ணீரை உறிஞ்சியதுதான் காரணம் என்று மீட்டவர்கள் சொன்னார்கள். சுரங்கம், விவசாயம், வீட்டுமனை என்று எல்லாப் பக்கமும் அங்கே தண்ணீருக்குக் கை நீண்டிருந்தது.

அந்தக் கடைசித் தேக்கத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். நீர் குறையக் குறைய, ஓடை நெடுகப் பரவியிருந்த தவளைகள் ஈரம் இருந்த பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி அங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும். வழியில் காய்ந்தவை எத்தனை என்று எண்ண ஆள் இல்லை. தண்ணீர் சுருங்கினால் உப்பு கூடும், சூடு கூடும், ஆக்சிஜன் குறையும். தோலால் மூச்சு விடுகிற பிராணிக்கு அது மெல்லக் கழுத்தை நெரிப்பது மாதிரி.

அள்ளி எடுத்துச் சாண்டியாகோவில் தேசிய உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே. அங்கே யாரும் அதுவரை இந்தத் தவளையை வளர்த்தது கிடையாது. எந்த உப்பு எவ்வளவு, எத்தனை டிகிரி, என்ன தின்னும், எத்தனை மணிநேரம் வெளிச்சம் எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தண்ணீரைச் செய்ய வேண்டியிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஊற்று சும்மா கொடுத்துக்கொண்டிருந்ததை மனிதர்கள் தொட்டியில் அளந்து அளந்து கலந்தார்கள். மலையை விட்டு இறங்கின தவளைகளுக்குப் பூஞ்சை நோய் வந்துவிடக் கூடாது என்கிற பயமும் இருந்தது. கைட்ரிட் என்ற அந்தப் பூஞ்சை தோலைத்தான் தாக்கும், நீர்த்தவளைக்குத் தோல் போனால் மூச்சே போனது. ஈக்வடாரில் இருந்த மூன்று டெல்மடோபியஸ் இனங்களைப் பல பத்தாண்டுகளாக யாரும் பார்க்கவில்லை. இந்தப் பூஞ்சை மேல்தான் பெரிய சந்தேகம்.

இங்கே எங்கள் கடைக்குத் திரும்பி வருகிறேன். எரிந்த மோட்டாரைப் பிரிப்பது பையன் வேலை. ஸ்டேட்டரை நிமிர்த்தி வைத்து, ஒரு பக்கத்துக் கம்பிச்சுருள் தலைகளை உளியால் வெட்டிவிட்டு, மறுபக்கம் கொக்கி மாட்டி இழுப்பான். கருகின கம்பிக் கொத்து தீய்ந்த வாடையோடு ஸ்லாட்டிலிருந்து உருவிக்கொண்டு வரும். வெட்டின முனை மட்டும் புதுசாகச் சிவந்து மின்னும். எவ்வளவு கருகினாலும் உள்ளே செம்பு செம்புதான். தராசில் போட்டு எடை எழுதுவோம். ஒரு மோட்டாருக்கு இத்தனை கிலோ பழசு, இத்தனை கிலோ புதுசு. அதில் எந்தக் கம்பி எந்த மலையிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. உருக்கிக் கலந்த பிறகு ஊர்ப் பெயர் நிற்காது. பையன் ஒரு நாள் கேட்டான், "இதுக்கு மின்ன இது எங்கங்ணா இருந்துச்சு?" அப்போதுதான் கலாமா கதையை அவனிடம் சொன்னேன். நாங்கள் கட்டுகிற கம்பிச்சுருள் எல்லாம் கடைசியில் போர்வெல் மோட்டாராகவும் கிணற்று மோட்டாராகவும் தண்ணீர் இறைக்கத்தான் போகிறது என்பது அவனுக்கும் தெரியும். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கம்பியை வழக்கத்தை விட மெதுவாகச் சுருட்டிப் பெட்டியில் போட்டான். அதற்குப் பிறகு அடிக்கடி அவனே கேட்பான், அந்தத் தவளை என்னாச்சு என்று.

2020 கடைசியில் அவனுக்குச் சொல்ல ஒரு சேதி கிடைத்தது. அக்டோபரில் அந்தத் தொட்டியில் சுமார் 200 தலைப்பிரட்டைகள் பிறந்திருந்தன. கொரோனா அடங்காத நேரம், கடைக்கு மோட்டார் வரத்து பாதியாகியிருந்தது. மூன்று பேர் செய்த வேலையை நாங்கள் இரண்டு பேர் செய்துகொண்டிருந்தோம். போனில் வந்த படத்தைக் காட்டினேன். கறுப்பு மிளகுக்கு வால் முளைத்தது மாதிரி இருந்தன. கையில் இருந்த கிரீஸைப் பனியனில் துடைத்துவிட்டுப் போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தான்.

"இத்தனையும் அந்தப் பதினாலோட குட்டிங்களாண்ணா?"

"ஆமாடா."

"அப்ப அந்த ஓடையில தண்ணி வந்துருச்சுங்களா?"

தொட்டியில்தான் இருக்கின்றன என்று சொன்னேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவன் மறுபடி கொக்கியை எடுத்தான்.